கை தொங்கினால் நிற்க வேண்டும்

கோளாறு என் கையில் இருக்கிறது என்று சொன்னவர் நீங்கள்தான், பேராசிரியர் சார். திருமுல்கேரியில் எங்கள் வீட்டு வாசலில், உங்கள் மாணவர்கள் முன்னால் சொன்னீர்கள்.

சிறு வயதிலிருந்தே என் தசைகள் தளர்ந்துகொண்டு வருகின்றன. நடக்க முடியாது. வலது மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சம் அசையும். மின்சார நாற்காலியின் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளும் வலு கிடையாது. கொண்டாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடித்துச் சண்டை போடச் சம்பளம். சண்டை முற்றினால் என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துக் கத்த வேண்டும்.

அதனால்தான் உங்கள் மாணவர்கள் செய்த, கையசைவிலேயே ஓடும் சக்கர நாற்காலி வண்டியும் அதன் கையுறையும் எனக்கு வேண்டியிருந்தன. கையைத் தாழ்த்தினால் வண்டி போகும், சாய்த்தால் திரும்பும், உயர்த்தினால் நிற்கும். களைத்தால் என் கை தொங்கிவிடும் என்று யாரும் யோசிக்கவில்லை. முதல் நாளே அப்பாவின் ஸ்கூட்டரில் போய் மோதினேன். கை தொங்கினால் வண்டி நிற்க வேண்டும், உயர்த்தினால்தான் ஓட வேண்டும் என்று சொன்னேன். சென்சார் சரியாக இருக்கிறது, கைக்குப் பயிற்சி கொடு என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள்.

உங்கள் மாணவிகளில் ஒருத்தி எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். நீங்கள் போனதும், “ஹவ்க்கா, நீங்க சொல்றது சரிதான், சார் தன்னோட கையை வெச்சே டெஸ்ட் பண்ணியிருக்கார். டென்ஷன் நக்கோ, கவலையே வேணாம், மாத்திடலாம்” என்றாள். என் கை தொங்கும் கோணத்தை அளந்து, அதையே நிற்பதற்கான சைகை ஆக்கினார்கள். அடுத்த ஞாயிறு தெருமுனை வரை நானே போனேன். அப்பா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“கூட வராதீங்கப்பா” என்றேன்.

நின்றுவிட்டார்.

கல்லூரிக் கண்காட்சியில் அந்த வண்டியில் யாரை உட்கார வைத்தீர்கள்? நன்றாக நடக்கிற ஒரு பையனை. என்னை முதல் வரிசையில் பார்வையாளராக வைத்தீர்கள். அவன் கையைத் தொங்கவிடத் தெரியாமல் நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வண்டி ஓடிப்போய்ப் பரிசு மேஜையில் மோதியது. பக்கத்து வீட்டுப் பெண் அவன் கையுறையைக் கழற்றினாள். அவன் எழுந்து நடந்து போனதைச் சபை முழுவதும் பார்த்தது. மாணவர்கள் என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். நடுவர்களைச் சுற்றி வந்தேன். நேராக உங்களை நோக்கி விட்டேன். கையைத் தொங்கவிட்டேன். உங்கள் ஷூவுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. கைதட்டல் ஓய நேரமானது. பரிசை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள், போகட்டும்.

இப்போது அதே வண்டியில்தான் ஆபீஸ் போகிறேன்; அங்கே யாராவது பேச்சைப் பாதியில் விட்டு நழுவினால் அவர் மேஜை வரைக்கும் துரத்திப் போகிறேன். இரண்டு பேர் என்னைக் கண்டாலே படிக்கட்டுப் பக்கம் ஓடுகிறார்கள்.

போன வாரம் ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். வண்டி கல்லூரிச் சொத்தாம், ஆய்வுக்கூடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டுமாம். ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன், பதில் உங்களுக்கேதான். உங்கள் கல்லூரி விழாவில் மேடை ஏறுங்கள், மைக்கைப் பிடியுங்கள். இந்த வண்டி யார் உட்காருவதற்காகச் செய்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அதற்கப்புறம் என்னை இறங்கச் சொல்லுங்கள், பார்க்கலாம்.