முப்பத்து நான்கு வயதுச் 'சிறுமி'

நான் பொய் எழுதினேன். தவறுதலாக அல்ல... தெரிந்தே எழுதினேன்!

அந்தச் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். 'பட்டாசு ஆலை வேனில் பன்னிரண்டு வயதுச் சிறுமி.' படித்துக் கொதித்திருப்பீர்கள். நாலு பேருக்கு அனுப்பியும் இருப்பீர்கள். அதை எழுதியவன் நான். விருதுநகரில், எங்கள் நாளிதழின் மாடி அலுவலகத்தில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதினேன்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு முகநூல் பதிவு. வெம்பக்கோட்டைப் பக்கம் காரில் போன யாரோ எடுத்த படம். ஆலை வேனில் ஏறும் ஓர் உருவம். முதுகு மட்டும் தெரிந்தது. குள்ளமான உடம்பு, உடுப்புக்கு மேல் தொளதொளவென்று ஓர் ஆண்சட்டை, கையில் தூக்குச்சட்டி. 'இந்தக் குழந்தைக்கு என்ன வயதிருக்கும்?' என்று கேட்டிருந்தார் அந்த மனிதர்.

கேள்விதான் கேட்டிருந்தார்! அதைப் பதிலாக்கியவன் நான். பன்னிரண்டு... அந்த எண் எங்கிருந்து வந்தது? என் விரலிலிருந்து வந்தது.

பதிவிட்டவரிடம் ஒரு வரி கேட்டேனா? வேனில் பெயர் எழுதியிருந்த ஆலைக்குப் பேசினேனா? அந்த ஊருக்கு பஸ் ஏறினேனா? எதையும் செய்யவில்லை.

மறுநாள் அதிகாரிகள் சோதனைக்குப் போனார்கள். ஆலையைச் சில நாள் மூடி வைத்தார்கள், அதுவும் சீசன் நேரத்தில். குழந்தை எவரும் அங்கே இல்லை. அதை நாங்கள் செய்தியாக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலை, அந்தப் படத்தில் இருந்தவரே என் மேசைக்கு முன் வந்து நின்றார். பெயர் முனீஸ்வரி. நெற்றியோரம் நரை, கழுத்தில் தாலி. ஒரே ஒரு பார்வை போதுமாயிருந்தது... அந்தப் பார்வையைத்தான் நான் செலவழிக்கவில்லை!

"பேப்பர்ல போட்ட சின்னப்புள்ள நான்தான் சார். முப்பத்தி நாலு வயசு எனக்கு. மூத்தவ ஒம்பதாப்பு படிக்கா."

நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"கம்பெனியத் தொறந்துட்டாக. எல்லாரையும் வேன்ல ஏத்துறாக, என்னைய மட்டும் எறக்கி விடுறாக. 'ஒன்னையப் பாத்தா பிள்ளை மாதிரி இருக்கு, மறுபடியும் எவனாச்சும் படம் எடுப்பான்'ங்காக. வேற கம்பெனியிலயும் அதே பேச்சு. நான் வளராமப் போனது என் குத்தமா சார்? வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"மறுப்புப் போட்டுர்றேம்மா."

"அதே எடத்துல, அம்புட்டுப் பெருசாப் போடுவீகளா?"

"போடுறேன்."

போடவில்லை. செய்தி ஆசிரியரிடம் கேட்டேன். "நாமளா சொன்னோம்? வலைத்தளத்துல வந்ததைத்தானே எடுத்துப் போட்டோம்" என்றார்.

எவ்வளவு வசதியான பதில்! எங்கள் தொழிலே இன்று அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒளிந்து கிடக்கிறது. 'சமூக வலைத்தளங்களில் பரவி வருகிறது' என்று எழுதுகிறோமே... பரப்புவது யார்? வெட்கங்கெட்டவர்கள் நாங்கள்! செய்தி ஆசிரியர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் மறுத்ததும் என் நெஞ்சு லேசானதே, அதை எதில் சேர்ப்பது?

இன்னும் ஒன்றை உங்களிடம் மறைத்திருக்கிறேன். அந்தப் பதிவுக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருந்தார்: 'அது எங்க முனீஸ் அக்கா. சின்னப்புள்ள இல்ல.' நான் எழுதத் தொடங்குமுன்பே அது அங்கே இருந்தது. படித்தேன். படித்துவிட்டுத் திரையை மேலே தள்ளினேன். அக்கா என்றால் செய்தி இல்லையே!

ஒரு மாதம் கழித்து முனீஸ்வரி மறுபடியும் வந்தார். மாடிப்படியில் குரல் கேட்டதும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். விளம்பர மேசையில் இருந்தவரிடம் அவர் பேசியது முழுவதும் கேட்டது.

"தெனமும் பேப்பர் வாங்கிப் பாக்கேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதுல விட்டுப்போச்சோ என்னமோ. எந்தத் தேதில போட்டாகன்னு மட்டும் சார்ட்ட கேட்டுச் சொல்லுங்க."

விட்டுப்போனது தன் கண்ணில்தான் என்று நினைத்திருக்கிறார்! அவர் படியிறங்கிப் போன பிறகே கதவைத் திறந்தேன்.

இப்போது மானாவாரிக் காட்டில் களையெடுக்கப் போகிறார் என்கிறார்கள். உண்மையா... தெரியாது. நான் போய்க் கேட்கவில்லை.