விழுப்புரத்தில் கரையேறிய தடம்

முதலில் என் புத்தியின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். படகு போன தடமெல்லாம் செயற்கைக்கோளில் பத்திரமாக இருக்கிறது, புது ஜி.பி.எஸ்ஸை வானத்துக்குக் காட்டினால் தானாக இறங்கிவிடும் என்று நம்பினேன். 2011 ஆடியில், மரக்காணம் பக்கத்து எங்கள் குப்பத்து மணலில், இரண்டு நாள் சாயங்காலம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்ததுதான் மிச்சம்.

"இன்னா தம்பி, வானத்துக்குத் தீபாராதனை காட்டிக்கினு இருக்கே?" என்றாள் அண்ணி.

பழைய ஜி.பி.எஸ் அண்ணன் வாங்கியது. பங்குனியில் நெஞ்சுவலி வந்து அண்ணன் போய்விட்டான். கடலடியில் பாறை கிடந்து மீன் கூடும் இடத்தைப் பார் என்போம். அவன் கண்டுபிடித்த பார்களும், போய்த் திரும்பிய தடங்களும் அதற்குள் இருந்தன. அதன் திரையில் கறுப்பு படர ஆரம்பித்திருந்தது. குப்பத்தில் எல்லாரும் வேறு கம்பெனிக்கு மாறியதைப் பார்த்து நானும் அதையே வாங்கினேன். பழையதில் இருப்பது புதியதில் அப்படியே ஏறாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. விழுப்புரத்தில் நிலம் அளக்கும் கருவி பழுது பார்ப்பவர் ஒருவர் மாற்றித் தருவார் என்றார்கள்.

காற்று தூக்கிக் கடல் சரியில்லாத ஒரு நாள், காலை ஆறரைக்குக் கிளம்பினேன்.

"பாரு போனா தேடிக்கலாம்," என்றாள் அண்ணி. "அவரு போன கோடு போச்சுன்னா எங்கன்னு தேடறது? பாத்து எடுத்துக்கினு வா."

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் முப்பத்தைந்து கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய். உப்பளத்து வெள்ளை முடிந்து, பிரம்மதேசம் தாண்டினால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகள். பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளே தடங்கள் கலைந்து ஒன்றன்மேல் ஒன்று விழுவதாகத் தோன்ற, பழையது, புதியது இரண்டு ஜி.பி.எஸ்ஸையும் மடியில் பொத்திக்கொண்டேன்.

"இன்னாய்யா, முட்டையா? அடைகாத்துக்கினு வர்றே," என்றார் கண்டக்டர்.

"வழி காட்ற மிஷினுங்க."

"திண்டிவனத்துக்கு இருக்கிறதே இந்த ஒரு ரோடு. அதுக்கு ரெண்டு மிஷினா?"

திண்டிவனத்தில் பஸ் மாறினேன். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, அப்புறம் விழுப்புரம். இன்னொரு நாற்பது கிலோமீட்டர். கடை ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்தது.

பார் இருக்கும் இடத்தை நாங்கள் பக்கத்துப் படகுக்குக் காட்ட மாட்டோம். வேற்றுப் படகு தலை தெரிந்தாலே அண்ணன் ஜி.பி.எஸ்ஸை லுங்கிக்குள் செருகிவிடுவான். பழக்க தோஷம், கடைக்காரர் கம்ப்யூட்டரில் இணைத்ததும் திரைமேல் துண்டைப் போட்டு மூடினேன்.

"அண்ணே, துண்டை எடுங்க. எனக்கு ஒன்னும் தெரியல."

"தெரியக்கூடாதுன்னுதாங்க."

"நான் மீனே சாப்பிடறதில்லீங்க."

"சாப்பிடற சொந்தக்காரங்க?"

"அதுவும் இல்ல."

எடுத்தேன்.

"மேப் ஏறாதுங்க, கம்பெனிக்குக் கம்பெனி வேற. தடமும் புள்ளியும் வந்துடும்," என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, பழையதன் திரை அணைந்தது. போச்சு என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஸ்டூல் அங்கே இல்லை.

"கேபிள் லூசுங்க," என்று அமுக்கிவிட்டு, தரையில் இருந்த என்னை எட்டிப் பார்த்தார்.

எழுந்து பார்த்தபோது கம்ப்யூட்டரில் அண்ணனின் தடங்கள் எல்லாம் கடலுக்குள் நீண்டு கிடந்தன.

"ஒன்னு மட்டும் கரையேறி விழுப்புரம் வந்திருக்குதே. இது எந்த மீனுங்க?" என்றார்.

அண்ணனுக்கு இந்த ஊரில் இன்னொரு குடும்பமா? அண்ணியிடம் எந்த வாயால் சொல்வது? கோட்டைப் பெரிதாக்கச் சொன்னேன். முனை ரயில் நிலையத்தில் நின்றது. அங்கிருந்து வந்த வழியே திரும்பியிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு கொல்லத்தில் படகு வேலைக்குப் போன நான், ஒரு வருஷம் கழித்து இங்கேதான் வந்து இறங்கினேன். அண்ணிக்கு மட்டும்தான் போன் செய்திருந்தேன். பிளாட்பாரத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு, அப்போதுதான் வாங்கியிருந்த ஜி.பி.எஸ்ஸை என் முன்னால் நீட்டி, "பார்றா, நாம போறது தெரியுது" என்றான். வீடு வரும்வரை அவன் பேசியது அவ்வளவுதான்.

மத்தியானம் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து புதியதைத் திறந்தேன். மேப் இல்லாத திரையில் ரோடு இல்லை, ஊர் இல்லை, கடலும் இல்லை. வெள்ளையில் அண்ணன் போட்ட கோடு மட்டும், அதன்மேல் நான் ஓர் அம்புக்குறியாக ஊர்ந்துகொண்டிருந்தேன். திண்டிவனத்தில் கோடு சின்ன முடிச்சாகச் சுருண்டிருந்தது. அங்கே இறங்கி எனக்கு டீ வாங்கித் தந்தான், கேட்காமலே சர்க்கரை தூக்கலாக. நானும் இறங்கி ஒரு டீ குடித்தேன். சர்க்கரை தூக்கலாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

மரக்காணம் பஸ்ஸில் காலையில் பார்த்த அதே கண்டக்டர். "இன்னா, குஞ்சு பொரிச்சுதா?"

"பொரிச்சுதுங்க."

மேப் வரவில்லை. பார்களும் தடங்களும் ஒன்றுவிடாமல் வந்துவிட்டன. மரக்காணத்தில் இறங்கிய பிறகும் கோடு குப்பத்தை நோக்கிப் போனது, அதன்படியே நடந்தேன். அது அண்ணி வீட்டு வாசலில் முடிந்தது.