கால் குட்டையான மான்

பக்கத்து வீட்டுக் கன்னையன் என் வீட்டுத் தம்ளரை ஊதிக்கொண்டிருக்கிறார். கொடுத்த காபி ஆறிக்கொண்டிருக்கிறது. வந்தால் முதலில் ஷோகேஸைத் திறப்பார், கேட்கவெல்லாம் மாட்டார். என் மாமியார் சீராகக் கொடுத்த ஆறு கண்ணாடித் தம்ளரில் ஒன்றை எடுத்து, வாயால் ஆவி ஊதி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அதிலுள்ள மயிலின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவார். பதினோரு வருஷமாக இதே மயில், இதே தீர்ப்பு. "ஆசிட்டு ஊத்தி எடுத்தது தம்பி. கை வேலை இல்ல." கை வேலை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. தண்ணீர் குடிக்கத்தான் வைத்திருக்கிறேன்.

போடியில் ஏலக்காய் ஏலத்தில் ஒரு வியாபாரிக்குச் சாம்பிள் பார்த்துச் சொல்வது அவர் வேலை. இரண்டு காயை உரித்து உள்ளே இருக்கும் அரிசியைக் கடித்தால் போதும், எந்தப் பக்கத்துத் தோட்டம், சரியாகக் காய்ந்ததா, பச்சைக்குச் சாயம் போட்டதா என்று சொல்லிவிடுவார். அந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வாங்குகிறவனுடைய ஆள் சரக்கைப் புகழக் கூடாது. உருண்டு திரண்ட காயைக் கையில் வைத்துக்கொண்டு "சுமார்தேன்" என்று முகத்தைச் சுளிக்க வேண்டும். முப்பது வருஷம் சுளித்ததில் முகம் அப்படியே நின்றுவிட்டது. அவர் மனைவி ஈஸ்வரி மதினி வைக்கும் மீன்குழம்பும் சுமார்தேன், மகள் அருணா வாங்கிய முதல் வகுப்பும் சுமார்தேன்.

ஏலம் இல்லாத நாளில், தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் பெண்களுக்கு நடுவே இவரும் இடுங்கி உட்கார்ந்து மலையேறுவார். மடியில் ஒரு பழைய வேட்டியும் காலிச் சாக்கும் இருக்கும். துரைமார் இருந்த பங்களாக்களின் பின்கட்டு, சமையல்காரர் வீட்டுப் பரண், பழைய இரும்புக் கடை என்று எதையும் விடமாட்டார். "நாங்க காயெடுக்கப் போறோம், நீங்க குப்பி பொறுக்கவாண்ணே வர்றீக?" என்று கூட வந்த ராக்கு ஒருமுறை ஜீப் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். "குப்பி இல்ல ஆத்தா, கலை" என்றார். சாயங்காலம் அந்தக் கலை சாக்குக்குள் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டே இறங்கியது.

பழைய கண்ணாடிச் சாமானில் இருக்கும் சித்திரத்தில் எது கையால் செதுக்கியது, எது மெஷின் என்று கண்டுபிடிப்பதற்கு அவர் ஒரு பாடம் வைத்திருக்கிறார். கேட்காதவர்களுக்கும் நடத்துவார். "தப்பு இருக்கான்னு பாரு. எலைக்கு எலை ஒண்ணுபோல இருந்தா மெசினு. கையின்னா ஒரு எலை கோணும், ஒரு கோடு பாதியில மெலியும். தப்பு இருந்தாத்தேன் கை." சுழலும் சின்னச் சக்கரத்தில் கண்ணாடியை அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வெட்டியிருந்தால், பள்ளம் ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலோட்டமாகவும் இருக்குமாம். சந்தேகம் வந்தால் மடியிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துத் தேய்ப்பார். பள்ளத்தில் திருநீறு தங்கி, பூவும் கொடியும் வெள்ளையாக எழுந்து நிற்கும். விவரம் தெரியாதவர்கள் அவரைப் பக்திமான் என்கிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல். சிலமலையில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். எல்லோரும் மாலையோடு நிற்க, இவர் மட்டும் வாசல் கதவில் பதித்திருந்த கண்ணாடியை ஊதிக்கொண்டிருந்தார். செத்தவரின் மகன் வந்து கையைப் பிடித்ததும், "கை வேலைதேன், வருத்தப்படாத" என்று ஆறுதல் சொன்னார்.

சேர்த்ததெல்லாம் நூற்றுச் சொச்சம் உருப்படி இருக்கும். அவை ஸ்டீல் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. மதினியின் பட்டுப்புடவைகள் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. கண்ணாடியில் இருக்கும் தப்பைக் குழந்தைபோல் தடவிக் கொடுக்கும் இந்த மனிதருக்குச் சட்டையில் இஸ்திரி மடிப்பு கொஞ்சம் விலகினால் ஆகாது. அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

அருணாவுக்கு இருபத்தொன்பது வயது. முதலில் சின்னமனூரில் ஒரு இடம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டு ஜன்னல் கண்ணாடியில் பூங்கொடி அழகாக ஓடியிருந்தது. கன்னையன் அதன் ஓரத்தை நகத்தால் நெண்டி, உரித்து, சுருட்டி, மாப்பிள்ளையின் அப்பா கையிலேயே கொடுத்தார். "ஸ்டிக்கருங்க." அடுத்த இடம் இதைக் கேள்விப்பட்டு வரவே இல்லை.

போன மாதம் தேவாரத்துக்குப் போனோம். பையன் பெயர் நிலவன். அருணாவோடு வேலை பார்க்கிறவன், அவளே விரும்பி இவன்தான் என்று சொன்னவன். இரண்டு வருஷம் அழுது புரண்டுதான் அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள். மாப்பிள்ளை வீடு பார்க்கக் கன்னையன், மதினி, பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நான், மூவரும் காரில் போனோம். எங்கள் பக்கத்தில் பேச்சு முடிகிறவரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டோம். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். "அங்கன போயி கண்ணாடி கிண்ணாடின்னு வாயத் தொறந்தீக, நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்று மதினி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். "எனக்கென்ன கிறுக்கா?" என்றார் இவர்.

எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. உள்ளே நிலவனின் அம்மா இலை போட ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பையனின் அப்பா முத்துப்பாண்டி உள்ளேயிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை ஏந்திக்கொண்டு வந்தார். "மச்சானுக்குக் கண்ணாடி அத்துப்படின்னு அருணா பெருமையாச் சொல்லுச்சு. எங்கப்பா போடிமெட்டுக்கு மேல தோட்டத்துல கங்காணி. தொரை ஊருக்குப் போறப்பக் குடுத்தது. கை வேலைம்பாரு. சரிதானே?"

கன்னையன் வாங்கிப் பார்த்தார். திராட்சைக் கொடிக்குக் கீழே இரண்டு மான்கள். ஒன்றுக்குப் பின்னங்கால் ஒரு நூல் குட்டை. அவர் காது மடல் சிவந்துவிட்டது. உசத்தியான சாம்பிளைப் பார்த்தால் அது சிவக்கும் என்று எனக்கும் தெரியும், மதினிக்கும் தெரியும். என் பக்கம் சாய்ந்து, "கை, தம்பி. சுத்தமான கை. இந்த மாதிரி ஒண்ணு நான் பாத்ததே இல்ல" என்றார் ரகசியமாக. நிமிர்ந்தார். முகம் தானாகச் சுளித்துக்கொண்டது. "மெசின் வேலைதேன் மச்சான். சுமார்தேன்."

முத்துப்பாண்டி ஜாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "சாகுற அன்னைக்குக்கூட இதத் தொடச்சு வச்சாரு எங்கப்பா. அப்ப அவரு பொய் சொன்னாராக்கும்."

"ஏங்க, இன்னொருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார் மதினி. நான் கன்னையனின் தொடையைக் கிள்ளி, "சொல்லிருங்கண்ணே" என்றேன். ஒரு வார்த்தை போதும், எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்திருப்போம். ஆனால் ஒருமுறை கை வேலை என்று ஒப்புக்கொண்டால் அந்த ஜாடி தேவாரத்தை விட்டு நகராது. கன்னையன் ஜாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தணியவில்லை.

"மெசினுச் சாமானு எங்க வீட்டுக்கு எதுக்கு. நீங்களே கொண்டுபோயிருங்க" என்று முத்துப்பாண்டி ஜாடியை நீட்டினார். உள்ளே திரும்பி, "ஏத்தா, எலைய எடுத்துரு" என்றார்.

அது கொடுக்கிற பேச்சு இல்லை, வெளியே போ என்கிற பேச்சு. அந்த இடத்தில் மானமுள்ளவன் எவனும் கையெடுத்துக் கும்பிட்டு, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றிருப்பான். கன்னையன் எழுந்தார். ஒரு கையை ஜாடியின் கழுத்துக்கும் ஒரு கையை அடிக்கும் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. காலையிலிருந்து வீட்டில் காத்துக்கொண்டிருந்த அருணாதான், வேறு யார். அடித்துக்கொண்டே இருந்தது. கன்னையன் கையைத் தளர்த்தவில்லை. போன் இருந்த பக்கத்து மார்பை மட்டும் மதினிக்கு எட்டும்படி வாகாகத் திருப்பிக் காட்டினார்.