இரண்டு கொத்தைக் கழற்றியவர்

மீட்டரக்கா என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். டிராக்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மீட்டரைப் பார்த்து, மட்கார்டின் உட்புறம் சாக்பீஸால் குறிக்காமல் சாவியை யாரிடமும் தரமாட்டார். வண்டிக்குப் பதினேழு வயது. கணவர் இறந்தபின் அவரும் கொழுந்தனாரும் அதை நம்பித்தான் பயிர் செய்கிறார்கள்.

அந்தப் பருவத்தில் வண்டி கரும்புகை கக்கியது, மேட்டில் திணறியது. இன்ஜின் போய்விட்டது என்று கொழுந்தனார் முடிவு கட்டினார். வாய்க்கால் ஓரத்து நிலத்தை அடமானம் வைத்துப் புது வண்டி எடுக்கக் கடன் தாளும் தயார். அண்ணியின் கையெழுத்துதான் பாக்கி. விற்பனைக்காரர் பேனாவோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

மீட்டரக்கா பேனாவை வாங்கவில்லை. நேராக வயலுக்குப் போனார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். உழுத மண்ணில் டயரின் பட்டைத் தடம் பதியாமல், வழித்துவிட்டது போல் கிடந்தது. இழுக்க முடியாமல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியிருக்கிறது. வண்டியின் பின்னால் பார்த்தார். அதுவரை மண்ணைக் கிளறும் கொத்துகள் ஏழு உள்ள கலப்பைதான். போன மாதம் கொழுந்தனார் ஆசையாக வாங்கி மாட்டியது ஒன்பது கொத்து.

"சட்டையைப் பெருசா எடுத்துட்டு உடம்ப மாத்தச் சொல்றீங்களா தம்பி?"

"எல்லாரும் ஒன்பதுலதான் ஓட்டறாங்க அண்ணி. நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கறவங்க வந்து டீசல் ஊத்துவாங்களா?"

டேங்க்கை வாய் வரை நிரப்பி, ஒன்பது கொத்தோடு ஓர் ஏக்கர் உழச் சொன்னார். திரும்ப நிரப்ப ஏழு லிட்டர் பிடித்தது. பிறகு அவரே ஸ்பேனரை எடுத்து, இரு ஓரத்துக் கொத்துகளையும் கழற்றினார். பக்கத்து ஏக்கருக்குப் பிடித்தது ஐந்து லிட்டர். புகையின் கருமை குறைந்திருந்தது. கால் மணி நேரம் கூடுதலாக ஆனது. அதை முதலில் சொன்னதும் மீட்டரக்காதான்.

பழைய வண்டி என்றைக்காவது நடு வயலில் காலை வாரிவிடும் என்றார் விற்பனைக்காரர்.

"வாரட்டும். அன்னிக்கு வாடகைக்கு ஒண்ணு எடுத்துக்கறேன். ஒரு நாள் வேலைக்காக நிலத்த எழுதித் தர மாட்டேன்."

கழற்றிய போல்ட்டுகள் தொலையாமலிருக்க ஒரு தாள் தேவைப்பட்டது. கையெழுத்தில்லாத கடன் தாளிலேயே பொட்டலம் கட்டிக் கொழுந்தனாரிடம் நீட்டினார்.

அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஏழு கொத்தில்தான் உழுதார்.