பெட்டியில் மிஞ்சிய ஊசி

ஆஸ்பத்திரியில் ஊசிப் பெட்டி தூக்குவது என் வேலை. சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை சுமந்த தோளுக்கு அது ஒரு பாரமில்லை.

அன்று பயிற்சி டாக்டர்களுக்கு ஃப்ளூ ஊசி. முதலில் பதிவேட்டில் கையெழுத்து. உடனே அடையாள அட்டையில் பச்சை ஸ்டிக்கர். அதற்குப் பிறகுதான் ஊசி. ஸ்டிக்கர் இல்லாதவர் புற்றுநோய் வார்டின் தனியறைகளுக்குள் போகக்கூடாது.

ஒரு டாக்டர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"ஊரெல்லாம் குத்துற ஆளு. தனக்குன்னா கண்ணு மூடுது பாரு," என்றார் நர்ஸம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து மார்த்தாண்டத்துக்கார டாக்டர், கண்ணாடி போட்டவர். கையெழுத்துப் போட்டார், ஸ்டிக்கர் ஒட்டினார். போன் வந்தது. அவசரப் பிரிவுக்கு ஓடினார். திரும்பி வரவில்லை.

முடிவில் ஒரு ஊசி மிஞ்சியது. கையெழுத்தெல்லாம் சரியாக இருந்தது.

"எண்ணினதுல தப்பியிருக்கும். ஃப்ரிட்ஜில வச்சிரு அண்ணா," என்றார் நர்ஸம்மா.

வைத்தேன். யாருடைய ஊசி என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஆறாம் வகுப்புக்காரன், காண்ட்ராக்ட் வேலை. எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து என் மனைவி அந்த வார்டில் தனியறையில் கிடந்தாள். ரத்தப் புற்று. மருந்து ஏற்றியதில் ரத்த அணு அடியோடு குறைந்திருந்தது. இப்போது ஒரு காய்ச்சல் வந்தால் தாங்காது என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு காலை அவள் அறை வாசலில் நின்றிருந்தேன். கண்ணாடி டாக்டர் வந்தார். மாஸ்க்கை இறக்கி ஒரு மாத்திரை விழுங்கினார், இருமினார், மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு கதவில் கை வைத்தார்.

குறுக்கே நின்றேன்.

"சார், உள்ள போகாண்டாம்."

"என்னாச்சு அண்ணே?"

"சாரு அன்னைக்கு ஊசி போடல."

அட்டையைத் தூக்கிக் காட்டினார். "ஸ்டிக்கர் கண்ணுல படலியா? மாறி நில்லுங்க. சீஃப் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள ரத்தம் எடுக்கணும்."

"சாருக்க ஊசி பெட்டியில மிஞ்சிச்சு. ஃப்ரிட்ஜில வச்சது நான்தான்."

வேலை போகும் என்று நினைத்தேன். நகரவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "லீவு கேட்டா சீஃப் விடமாட்டாரு அண்ணே. ரெண்டு நாளா காய்ச்சல், மாத்திரையிலதான் ஓடுது."

"அப்போ நேத்து உள்ள வந்தியளா?"

கதவிலிருந்து கையை எடுத்தார்.

"வந்தேன். மாஸ்க் இட்டிருந்தேன்."

இரண்டு பேரும் போய் நர்ஸம்மாவிடம் சொன்னோம். அவர் டாக்டரின் ஸ்டிக்கரைப் பிய்த்தெடுத்தார். என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா தினமும் அவ பக்கத்துலதானே இருக்கே. நீ ஊசி போட்டியா?"

"டாக்டர்மாருக்குன்னுதானே சொன்னிய."

நர்ஸம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தார். மிஞ்சிய ஊசி என் கையில் ஏறியது.

மாலையில் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டருக்கு ஃப்ளூதான். மனைவிக்கு முன்கூட்டியே ஃப்ளூ மாத்திரை தொடங்கினார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் சூடு பார்த்தார்கள். இரண்டாம் நாள் கொஞ்சம் ஏறியது. மறுபடி பார்த்தபோது இறங்கியிருந்தது. நான் மாஸ்க்கோடு தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"என் நெத்திய எதுக்கு அப்பிடியே பாக்கியோ? அதுல என்ன எழுதியா கெடக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ சும்மா கெட."

ஏழாம் நாள் ரத்த அணு ஏறத் தொடங்கியது. பத்தாம் நாள் கண்ணாடி டாக்டர் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"எப்படி உண்டு அண்ணே?"

"காய்ச்சல் இல்ல சார்."

அவர் தலையசைத்தார். நான் கதவைச் சாத்தினேன்.