காவேரிப் பாலத்தில் லைசென்ஸ் கேட்டவன்

ஒருவரை நிறுத்த ஒரு கை போதும். நிறுத்திய பிறகு என்ன செய்வது என்பதற்குத்தான் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில், திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவேரிப் பாலத்தின் தென்முனையில் கான்ஸ்டபிளாக நின்றவன் நான். லைசென்ஸ் இல்லாமல் ஆயுதத்தோடு போகிற யாரையும் நிறுத்தலாம், ஆயுதத்தை வாங்கி வைக்கலாம், ஆளையும் கொண்டுபோகலாம் என்று ஆயுதச் சட்டம் எனக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அதே சட்டத்தின் கடைசிப் பக்கங்களில், யார் யாரை நிறுத்தக் கூடாது என்று ஒரு நீளமான ஜாபிதாவும் இருந்தது. அதை எனக்கு யாரும் காட்டவில்லை. காக்கி போட்டவர்களுக்கும், காக்கியிடம் ஒருநாளாவது மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கும் இந்தக் கஷ்டம் புரியும்.

அப்போது ஏட்டு உத்தியோகத்துக்கு என் பெயர் பட்டியலில் ஏறியிருந்தது. சட்டைக் கையில் ஏறும் பட்டையைவிட எனக்கு வீடுதான் பெரிது. போலீஸ் லைனில் கான்ஸ்டபிளுக்கு ஒரே அறை, ஏட்டுக்கு இரண்டு. நான், என் மனைவி கமலம், நாலு குழந்தைகள், என் அப்பா என்று ஏழு பேர் அந்த ஒரே அறையில் முட்டிக்கொண்டிருந்தோம். இன்னும் கிடைக்காத இரண்டாவது அறையில் எதை எங்கே வைப்பது என்று கமலம் முடிவே செய்துவிட்டாள்.

குடகுக்காரர்

ஒருநாள் காலையில் ஈரோடு வண்டியில் வந்து இறங்கிய ஒருவர், ஜட்காவில் ஸ்ரீரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மடியில் இரட்டைக்குழல் துப்பாக்கி, துணிகூடச் சுற்றாமல். வண்டியை நிறுத்தி லைசென்ஸ் கேட்டேன். “எனக்கு வேண்டாம். நான் குடகு” என்றார். ஆளாளுக்கு ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் போனால் சட்டம் எதற்கு என்று எனக்குக் கோபம் வந்தது. துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்து, ஆயுதச் சட்டப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களை வாசித்தார். குடகர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லையாம். எனக்கு ஒரு ப்ளாக் மார்க் விழுந்தது. இன்னொன்று விழுந்தால் ஏட்டுப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவேன் என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தபோது, குடகுக்காரர் கோபமே இல்லாமல் சொன்னார்: “எங்க மலையிலேருந்துதான் காவேரி உங்க ஊருக்கு வருது. நாங்க ஒருநாளும் அதுக்கு லைசென்ஸ் கேட்டதில்லை.”

ராஜாவின் வாள்

அதற்குப் பிறகு எனக்கு எதைக் கண்டாலும் பயம். நிறுத்தினாலும் வம்பு, விட்டாலும் வம்பு. உறையூரில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனியின் ராஜபார்ட்காரர் ஒருநாள் சாயங்காலம் பாலத்தில் நடந்து வந்தார். இடுப்பில் மூன்றடி வாள். ஸ்ரீரங்கத்தில் யாரோ பெரிய மனிதர் வீட்டில் நடித்துக் காட்டிவிட்டு வருகிறாராம். சாமான் வண்டி அச்சு முறிந்து நின்றுவிட்டதாம். வாள் நிஜமா என்று கேட்டேன். இரும்புதான் என்றார். இரும்பு என்றால் ஆயுதமா, நடிப்பு என்றால் ஆயுதம் இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்த வெள்ளரிக்காய் ஒன்றை வாங்கி, வெட்டிக் காட்டச் சொன்னேன். இரண்டு கையாலும் ஓங்கி வெட்டினார். காய் நசுங்கியது, வெட்டுப்படவில்லை. வாள்தான் வளைந்தது. அதை முழங்காலில் வைத்து நிமிர்த்திக்கொண்டே அவர் சொன்னார்: “ஏழு வருஷமா தினம் ஒரு எதிரியை வெட்டறேங்க. ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.”

தென்னூர் பாயின் கத்திகள்

தென்னூரில் கறிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், அக்கரைக் கிராமத்தில் நிக்காஹ் விருந்துக்கு ஆடு அறுக்கப் போனார். கோணிப்பையில் ஐந்து கத்தி, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். தொழிலுக்கு வைத்திருக்கும் கத்தியை ஆயுதமாக எண்ணக் கூடாது என்று அதற்குள் நான் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். இருந்தாலும் ஐந்து கத்தி எதற்கு, யார் மேலாவது விரோதம் உண்டா, இதற்குமுன் புகார் ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேட்டேன். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பாய் சொன்னார்: “என் மேல புகார் சொல்றதுன்னா ஆடுங்கதான் சார் சொல்லணும். அல்லா புண்ணியத்துல இதுவரைக்கும் ஒண்ணும் வரலை.”

வக்கீல் ஊன்றிய தடி

ஸ்ரீரங்கத்து வக்கீல் ஐயங்கார் ஒருவர், தொழிலை விட்டு ஓய்ந்தவர், வாரம் ஒருமுறை கருங்காலித் தடியை ஊன்றிக்கொண்டு டவுனுக்கு நடந்து வருவார். ஒருநாள் என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது தடியைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்தார். அது வழுக்கி விழுந்தது. எடுத்துக் கொடுக்கப் போனேன். பிடி மட்டும் கையோடு வந்தது, பிடியோடு இரண்டடிக்குப் பளபளவென்று கத்தி. வக்கீல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கத்தியைக் குனிந்து பார்த்தார். ஊருக்குப் போன வெள்ளைக்கார ஜட்ஜ் ஒருவரின் சாமான்களை ஏலம் போட்டபோது எடுத்த தடியாம், ஒன்பது வருஷமாக ஊன்றுகிறாராம், உள்ளே கத்தி இருப்பது இப்போதுதான் தெரிகிறதாம்.

அவர் பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. தடியை வாங்கி ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். தெரியாமல் வைத்திருந்தார் என்று சப்-இன்ஸ்பெக்டரும் எழுதி முடித்தார். வக்கீலுக்குப் போலீஸைப் பற்றிக் கவலையே இல்லை. ஒரு மூங்கில் கழியை வாங்கி ஊன்றிக்கொண்டு திரும்பும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “தினம் காலம்பற இதை ஊன்றிண்டுன்னா பெருமாளைச் சேவிச்சிண்டிருந்தேன். அவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?”

பாய்ச் சுருளில் வந்த துப்பாக்கி

பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவர்கள் டிசம்பர் முடிவதற்குள் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். முதலில் கிராம முன்சீப் லைசென்ஸ் காகிதத்தை வாங்கித் தாலுகா கச்சேரிக்கு அனுப்பிவிடுவார். பிறகு சொந்தக்காரர் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காட்டிக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக, துப்பாக்கி பாலத்தைத் தாண்டும் அன்றைக்குக் காகிதம் கச்சேரியில் இருக்கும். முன்சீப் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பார்த்து நாங்கள் ஆளை விடுவோம்.

அந்த வருஷம் கடைசி நாளன்று ஒரு அம்மாள் தலையில் பாய்ச் சுருளோடு வந்தாள். சுருளுக்கு மேல் இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, பாய்க்குள்ள என்ன?”

“துப்பாக்கிங்க” என்றாள், கூசாமல். “வீட்டுக்காரர் வரப்புல வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கிடக்கறாருங்க. இன்னிக்குக் காட்டலேன்னா லைசென்ஸ் போயிடுமாம். கொள்ளிடக் கரையில வாழை போட்டிருக்கோம். போன வருஷம் காட்டுப்பன்னி பாதித் தோட்டத்தைத் தோண்டிப் போட்டுடுச்சுங்க.”

முன்சீப் சீட்டு இருந்தது, புருஷன் பெயரில். சட்டப்படி அவள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோடு போகிறவள். பிடித்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போகும், வாழை பன்றிக்குப் போகும். விட்டால், கச்சேரியில் யாராவது கேட்கும்போது பாலத்தில் நின்ற கான்ஸ்டபிள் யார் என்று என் பெயர்தான் வரும். கமலத்தின் இரண்டாவது அறை கண்முன்னால் வந்தது. கொஞ்ச நேரம் எனக்கு அந்த அம்மாள் மேல்கூடக் கோபமாக இருந்தது, வேறு நாளில் வந்திருக்கக் கூடாதா என்று.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஆயுதத்தை வாங்கி வைக்க எனக்கு அதிகாரம் உண்டு. வாங்கிய பிறகு அதை எங்கே தூக்கிக்கொண்டு போனாலும், கான்ஸ்டபிள் தோளில் இருக்கிற துப்பாக்கிக்கு யார் லைசென்ஸ் கேட்கப் போகிறார்கள்? பாயைப் பிரித்தேன், துப்பாக்கியைத் தோளில் மாட்டினேன், முன்னால் நடந்தேன். அவள் காலிப் பாயோடு பின்னால் வந்தாள். கச்சேரியில் குமாஸ்தா நம்பரைப் பார்த்து, முத்திரை குத்திக் காகிதத்தைக் கொடுத்தார். திரும்பும்போதுதான் உறைத்தது: காகிதம் வந்துவிட்டாலும் அதில் இருப்பது புருஷன் பெயர். ஆகவே மறுபடியும் பாலம் வரை நானே சுமந்தேன்.

பாலத்தில் சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“சட்டப்படி செஞ்சிருக்கே” என்றார். “சரி, அந்த ரெண்டு மணி நேரம் பாலத்துல யாருய்யா நின்னது?”

யாருமே நிற்கவில்லை. காவலை விட்டுப் போனதற்கு இரண்டாவது ப்ளாக் மார்க் விழுந்தது. மனிதர் ஈரமில்லாதவர் இல்லை. லைசென்ஸை வாசித்துப் பார்த்து, அந்த அம்மாளிடம் துப்பாக்கியைக் கொடுக்க முடியாது என்று வேறொரு கான்ஸ்டபிளை வரவழைத்து, வீடு வரை தூக்கிக்கொண்டு போய்ப் புருஷன் கையில் கொடுக்கச் சொன்னார். கிளம்பும்போது அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “எங்களுக்கு இவ்வளவு சட்டம் இருக்குன்னு பன்னிக்குத் தெரிஞ்சா, அது தோட்டத்தை விட்டுப் போகவே போகாதுங்க.”

பூவன் தார்

ஏட்டுப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தார்கள். கமலத்திடம் சொன்னேன். இரண்டு நாள் அவள் பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தாள். எனக்கும் வருத்தம்தான், தூங்கும்போது அப்பாவின் கால் என் தலையில் இடித்த ஒவ்வொரு தடவையும் வருத்தப்பட்டேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், கொள்ளிடக் கரையிலிருந்து ஒரு ஆள் பெரிய பூவன் தாரைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். ஒரு காய்கூடப் பன்றி தொடாத தார். கமலம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு அப்பாவின் படுக்கையை நகர்த்திவிட்டு, உத்தரத்தில் கயிறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “நல்ல காரியம்தான் பண்ணியிருக்கீங்க. ரெண்டாவது ரூம் இருந்திருந்தா இதை அங்க கட்டியிருப்பேன்.”

அந்தப் பாலத்தில் நான் நிறுத்தி வைத்தவர்கள் எல்லோரும் கடைசியில் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், நான் ஒருவன்தான் கான்ஸ்டபிளாகவே நின்றுவிட்டேன்.