ஒரு வினாடி டிங்

ஆபீசில் அவனுக்கு மேளம் என்று பெயர். எந்தச் சண்டைக்கு இசை போடச் சொன்னாலும் முதலில் மேளத்தைத்தான் தட்டுவான். கேலியாக வைத்த பெயரை அவன் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தான்.

மேளமும் அவன் மனைவியும் ஒரே வீடியோ கேம் கம்பெனியில், ஒரே அறையில், முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். நாலு பேர் கூட்டுச் சேர்ந்து அரக்கர்களைச் சுட்டு, செத்தவர்களிடமிருந்து சிதறும் துப்பாக்கிகளைப் பொறுக்கிக்கொள்ளும் ஆட்டம் அது. இசை அவன் பொறுப்பு. காலடி, கதவு, தோட்டா, உடையும் கண்ணாடி எல்லாம் அவள் பொறுப்பு.

பதினாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு அவன் இசை செய்தான். அவளோ ஒருநாள் மதியம் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்து கழன்ற பித்தளை வளையம் டம்ளருக்குள் விழுந்தது. டிங்! ஈரக்கையோடு ஓடிப்போய் மைக்கைக் கொண்டுவந்து, அதே வளையத்தை நாற்பது தடவை விழவைத்துப் பதிவு செய்தாள். ஆட்டத்தில் லேசில் கிடைக்காத தங்கத் துப்பாக்கி கிடைக்கும்போது வரும் சத்தம் அதுதான். முழுசாக ஒரு வினாடி கூட இல்லை.

ஆட்டம் வெளிவந்ததும் டிங் பிய்த்துக்கொண்டு போனது. போனில் அழைப்பு மணியாக வைத்தார்கள். டிங் கேட்டு நாற்காலியிலிருந்து துள்ளிக் குதிப்பவர்களின் வீடியோக்களை ஆபீசே கூடி நின்று பார்த்தது. மேளத்தின் உழைப்பைப் பற்றி ஒரே ஒருவர் எழுதியிருந்தார்: ‘இசையும் பரவாயில்லை.’

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மச்சினன் மிச்சத்தையும் முடித்துவைத்தான். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவன், ஆட்டத்தில் புலி.

“மூணாவது கோட்டையில வர்ற பாட்டு எப்படி இருக்கு மாப்ள?” என்று மேளம் வாயைக் கொடுத்தான்.

“பாட்டா? நாங்க மியூசிக்க ஆஃப் பண்ணிட்டுத்தான் மாமா ஆடுவோம். அக்காவோட டிங் தெளிவாக் கேக்கணும்ல?”

அக்கா சிரித்துவிட்டாள். சட்டென்று வாயை மூடிக்கொண்டாள், ஆனால் சிரித்தது சிரித்ததுதானே. மேளத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. பெண்டாட்டி மேல் பொறாமைப்படுவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. மனசு வெந்தால் அவன் வழக்கமாகப் புலம்புவது அவளிடம்தான். இதை எங்கே போய்ச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை அவள் மீட்டிங்குக்குப் போன நேரத்தில் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். கம்ப்யூட்டரில் டிங்கின் ஃபைலைத் திறந்து, உச்சியில் மினுங்கும் ஒலியை மட்டும் ஒரு இழை சீவி, அதே பெயரில் சேமித்து, பழைய பிரதியையும் அழித்தான். கோழைக்குப் பொறாமை வந்தால் இப்படித்தான் வரும். அடித்து நொறுக்கவும் தைரியம் கிடையாது, சும்மா இருக்கவும் முடியாது.

அன்று ராத்திரியே ஆட்டத்தின் அப்டேட்டோடு அது எல்லார் கைக்கும் போனது. உலகத்தில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் மறுநாளே தெரிந்துவிட்டது.

“டிங்ல ஏதோ குறையுதுங்க. உச்சி மழுங்கின மாதிரி இருக்கு.” ஆபீசில் நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். நாலு பேரும் எப்போதும் போலத்தான் இருக்கிறது என்றார்கள். கடைசியாக ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் மாட்டினாள். “நீங்க சொல்லுங்க.”

அவன் கண்ணை மூடி ரசிப்பது போல் தலையாட்டினான். “எனக்கு நல்லாத்தானே கேக்குது!”

அவளுக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து டி.வி. ரிமோட்டைக் காதருகே அமுக்கிப் பார்த்தாள். சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்தாள். பத்து நாள் கழித்து ஒரு காகிதத்தை அவன் முன்னால் வைத்தாள். ராஜினாமாக் கடிதம்.

“காது போன பிறகு இந்த வேலையில உக்காந்திருக்கிறது ஏமாத்து வேலைங்க.”

மேளத்துக்குச் சோறு இறங்கவில்லை. “டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் குடும்மா” என்று மட்டும் சொன்னான். உண்மை நாக்கு நுனி வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போனது.

காது டாக்டர் அவளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அவள் அமுக்கினாள், அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். “நாப்பது வயசுல இப்படி ஒரு காதா? பதினஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல.”

அங்கேயும் மேளத்தின் வயிற்றில் சுருக்கென்றது. அந்தச் சுருக்கில்தான் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. கட்டினவளுக்குக் காது நன்றாக இருக்கிறது என்று கேட்டுச் சங்கடப்படுகிறவன் என்ன பிறவி?

வெளியே வந்ததும் அவள் ரிப்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பஸ் ஸ்டாப் வந்தபோது இரண்டும் நின்றிருந்தன.

“காதுல குறை இல்லன்னா அந்த ஃபைல்லதாங்க குறை.”

“நான்தான் சீவினேன்” என்றான் மேளம். “உச்சிய மட்டும். கொஞ்சமா. எல்லாரும் உன்னையே கொண்டாடினாங்க. தாங்க முடியல.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலை.

“ஃபைல வெட்டினதுகூடப் போகுது. வளையம் இருக்கு, டம்ளர் இருக்கு, நாளைக்கே இன்னொண்ணு பண்ணிருவேன்” என்றாள். “எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னப்பகூட நான் என் காதைத்தான் நம்பினேன். நீங்க சொன்ன பிறகுதான் விட்டேன்.”

பஸ் வந்தது. இரண்டு பேர் உட்காரும் சீட்டுகள் நிறையக் காலியாக இருந்தன. அவள் நேராக முன்னால் போய், டிரைவருக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.